அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. சேலத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. கேள்வியை அப்படியே படிச்சிடறேன். "பையன் அரசுப் பள்ளியில 3-ஆம் வகுப்பு படிக்கிறான். கணக்குன்னாலே அழறான். பேசாம வீட்டிலேயே வச்சு சொல்லிக் கொடுத்துடலாமான்னு தோணுது. வீட்டுக்காரர் வேணாங்கிறார். பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தறவங்க என்ன காரணத்துக்காக நிறுத்தறாங்க? சட்டப்படி தப்பா? நாளைக்கு 10-ஆவது எப்படி எழுதுவான்?"

காரணத்துல இருந்தே தொடங்குவோம். காரணம் சரியா இருந்தா மத்த எல்லாத்துக்கும் வழி இருக்கு. அது தப்பா இருந்தா ஆறு மாசத்துல பிள்ளையும் சோர்ந்து போயிடும், நீங்களும் சோர்ந்து போயிடுவீங்க.

விவரம் தெரிஞ்சு நிறுத்தற பெற்றோர் சொல்ற முதல் காரணம், வேகம். பிள்ளையோட வேகம் ஒண்ணு, வகுப்போட வேகம் ஒண்ணு. உங்க பையனுக்குக் கணக்குதானே பிரச்சனை, அதையே எடுத்துக்குவோம். 52-ல இருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்க. நிறையப் பிள்ளைங்க 35-ன்னு எழுதும். அது கவனக்குறைவு இல்லைங்க. 2-ல இருந்து 7 போகாது, அதனால 7-ல இருந்து 2-ஐக் கழிச்சு 5. அப்புறம் 5-ல 2 போனா 3. ஆக 35. சின்னதைப் பெருசுல இருந்துதான் கழிக்கணும்னு அந்தப் பிள்ளை தனக்குத்தானே ஒரு விதி போட்டு வச்சிருக்கு. முப்பது நோட்டைத் திருத்தற ஆசிரியருக்குத் தப்புங்கிறது தெரியும், எந்த இடத்துல தப்பினான்னு உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காது. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அது தெரியும்.

இதைச் சரி பண்றதுக்குப் புத்தகம் எதுவும் வேணாம். விளக்குமாத்துல இருந்து ஈர்க்குச்சி எடுத்து விரல் நீளத்துக்கு ஒடிச்சுக்கங்க. பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. 52-ன்னா அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. 27 எடுக்கணும். ஏழு உதிரி எடுக்கப் போறான், ரெண்டுதான் இருக்கு. இந்த இடத்துல நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அவனே ஒரு கட்டைப் பிரிக்கிற வரைக்கும் காத்திருங்க. பிரிச்சா உதிரி பன்னிரண்டு ஆகும், அதுல ஏழு போனா அஞ்சு. கட்டு நாலு மிச்சம், அதுல ரெண்டு போனா ரெண்டு. 25. 'கடன் வாங்கறது'ன்னு பாடத்துல சொல்றாங்களே, அது அவன் கையால பிரிச்ச அந்தக் கட்டுதான். ஒரு நாளைக்கு ஆறு கணக்கு குச்சியோட போடட்டும். ஒரு வாரம் கழிச்சு குச்சியைத் தொடாம, அதே கட்டையும் உதிரியையும் நோட்டுல கோடாகவும் புள்ளியாகவும் வரைஞ்சு போடட்டும். அதுக்கு அப்புறம்தான் வெறும் எண். ரெண்டாவது படியைத் தாண்டிட்டு நேரா எண்ணுக்குப் போறதுதான் பலரும் பண்ற தப்பு. அப்பப் பழைய 35 திரும்ப வரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, இதைச் செய்யறதுக்குப் பள்ளியை விட்டு நிறுத்தணும்னே அவசியம் இல்லைங்க. சாயங்காலம் அரைமணி நேரம் போதும். ஒரு மாசம் செஞ்சு பாருங்க. அழுகை நின்னுடுச்சுன்னா உங்க பிரச்சனை பள்ளிக்கூடம் இல்ல, கழித்தல்.

ரெண்டாவது காரணம், பல வகுப்பு ஒரே அறையில. கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான். அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர். அவங்க மேல குறை சொல்றது நியாயம் இல்ல. இதைச் சமாளிக்கத்தான் 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளையோட நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கிறாங்க. உங்க பையன் எந்த நிலையில இருக்கான்னு வகுப்பாசிரியர்கிட்ட கேட்டிருக்கீங்களா? முதல்ல அதைக் கேளுங்க. அரும்புல இருக்கிற பிள்ளையை வீட்டில மலர் பாடத்தை வச்சு விரட்டினா அழத்தான் செய்யும்.

மூணாவது காரணம் உடம்பு சம்பந்தப்பட்டது. கடுமையான மாற்றுத்திறன் இருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டிலேயே படிக்கிற உரிமை 2012-ல வந்த திருத்தத்துல சட்டத்திலேயே இருக்கு. அவங்க பள்ளிப் பதிவேட்டுல பேர் இருக்கும்போதே வீட்டில படிக்கலாம். சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வருவார். அதுக்குக் கல்வித் துறையோட வட்டார வள மையத்துல கேட்கணும். இது தெரியாம டிசி வாங்கிட்டு உதவியை இழந்தவங்க உண்டு. இது போக, விளையாட்டோ இசையோ தினம் நாலு மணி நேரம் பயிற்சி எடுக்கிற பிள்ளைங்க, அடிக்கடி ஊர் மாறற குடும்பங்க, இவங்களும் இந்த வழிக்கு வர்றாங்க.

ஒரு ஆசிரியர் மேல கோபம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் பேசுது, இதெல்லாம் நிறுத்தறதுக்குக் காரணம் ஆகாது. அதுக்கு வேற பள்ளி பாருங்க.

இப்ப உங்க வீட்டுக்காரர் வேணாங்கிறதுக்கு வருவோம். அவர் பயப்படறது நேரத்தைப் பத்தின்னா, அவர் பக்கம் நியாயம் இருக்கு. சட்டப்படி 1 முதல் 5 வரைக்கும் ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். வீட்டில ஒருத்தருக்கு ஒருத்தர்னு உட்காரும்போது எட்டு வயசுப் பிள்ளைக்கு ரெண்டு மணி நேரம் போதும்ங்கிறது என் கணிப்பு. ஆனா அந்த ரெண்டு மணி நேரமும் ஒரு பெரியவர், போனைக் கையில எடுக்காம, தினமும் இருக்கணும். ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்கன்னா தயவுசெஞ்சு இந்த எண்ணத்தை விட்டுடுங்க. பாட்டி பார்த்துக்குவாங்கன்னு தொடங்கினா டிவிதான் பார்த்துக்கும்.

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி மே மாச விடுமுறையில இருபது நாள் ஒத்திகை பாருங்க. டிசி எதுவும் வாங்காதீங்க. காலையில 40 நிமிசம் கணக்கு, பத்து நிமிசம் வெளியில ஓடட்டும், அப்புறம் 30 நிமிசம் தமிழ் வாய்விட்டு வாசிப்பு, 15 நிமிசம் எழுத்து, 20 நிமிசம் ஆங்கிலம். சூழ்நிலையியலை அடுப்படியிலும் தோட்டத்திலும் வச்சுக்கங்க. பாடநூல் கழகத்தோட புத்தகங்களை இணையத்துல இலவசமா இறக்கிக்கலாம், தொடக்க வகுப்புக்கு மூணு பருவமா இருக்கும். தினம் ராத்திரி ஒரு நோட்டுல மூணு வரி எழுதுங்க: இன்னைக்கு என்ன செஞ்சோம், எங்க நின்னான், நாளைக்கு எங்க தொடங்கணும். அந்த மூணாவது வரி இல்லைன்னா மறுநாள் காலையில அரைமணி நேரம் 'எங்க விட்டோம்'னு தேடறதுலேயே போயிடும். இருபது நாள்ல எத்தனை நாள் எழுதியிருக்கீங்கன்னு எண்ணுங்க. பதினாறுக்குக் கீழ இருந்தா வருசம் முழுக்க நடக்காது. மூணாவது வாரத்துல கல்யாணம், திருவிழா, விருந்தாளின்னு வரும். அங்கதான் பெரும்பாலும் உடையும்.

இன்னொண்ணு, துணை. தினம் சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் அவன் வயசுப் பிள்ளைங்களோட தெருவுல விளையாடணும். அது கூடுதல் வசதி இல்லைங்க, பாடத்துல ஒரு பகுதி. சனிக்கிழமை கிளை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

சட்டத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரைக்கும். அதுல 10-ஆவது பிரிவு பிள்ளையைப் பள்ளியில சேர்க்கறது பெற்றோரோட கடமைன்னு சொல்லுது. ஆனா சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்ல. அதுக்காக யாரும் கேட்க மாட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. பள்ளியில எமிஸ் எண் இருக்கும், அதாவது கல்வித் துறையோட கணினிப் பதிவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் தர்ற எண். டிசி வாங்கி வேற பள்ளியில சேர்க்கலைன்னா பையன் பேர் அந்தப் பதிவுல பொதுத் தொகுப்புல, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைங்க பட்டியல்ல நிக்கும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வர்றவங்க உங்க வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. அவங்ககிட்ட சண்டை போடாதீங்க, குழந்தைத் தொழிலாளர் இருக்கக் கூடாதுன்னுதான் அவங்க வர்றாங்க. நான் சொன்ன அந்த நோட்டையும் பையனோட வேலைகளையும் எடுத்துக் காட்டுங்க. எமிஸ் எண்ணைத் தனியா குறிச்சு வைங்க. சாதிச் சான்றைப் பள்ளியில இருக்கும்போதே இ-சேவை மையத்துல வாங்கிடுங்க.

இழக்கறது என்னன்னும் தெரிஞ்சுக்கணும். காலை உணவு, மதிய உணவு, சீருடை, புத்தகம் போகும். அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. மருத்துவப் படிப்புக்கு 2020-ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருசம் பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்கும் வந்தது, இதெல்லாம் 6 முதல் 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. கல்லூரிக்குப் போகும்போது மாசம் 1,000 ரூபாய் வர்ற தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அந்த 6-ஆம் வகுப்புக் கணக்குதான். அதனால என்னோட அழுத்தமான யோசனை: வீட்டில வைக்கறதா இருந்தாலும் 5-ஆம் வகுப்பு வரைக்கும் வச்சுக்கங்க, 6-க்கு அரசுப் பள்ளியிலேயே சேர்த்துடுங்க. இந்தக் கதவு திறந்தே இருக்கும். ஆனா தமிழ்வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமை இருக்கு பாருங்க, 2020 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்கு 1-ஆம் வகுப்புல இருந்தே தமிழ்வழின்னு சான்று வேணும். வீட்டில படிச்ச வருசங்களுக்கு அந்தச் சான்று தர ஆள் இல்ல. இது தெரிஞ்சேதான் முடிவு எடுக்கணும்.

10-ஆவது வரைக்கும் வீட்டிலேயேன்னா ரெண்டு வழி. ஒண்ணு, மாநில வாரியத்துல தனித்தேர்வர், அதாவது பள்ளியில படிக்காம நேரடியா தேர்வு எழுதறவர். பன்னிரண்டரை வயசு முடிஞ்சதும் அரசுத் தேர்வுத் துறை நடத்தற 8-ஆம் வகுப்புத் தனித்தேர்வு எழுதணும். அதுல தேறினா அப்புறம் 10-ஆவது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியா பதிவு பண்ணணும். அந்தப் பதிவு பொதுத் தேர்வு விண்ணப்பத்துக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடும். பலர் இதுலதான் ஒரு வருசத்தை விட்டுடறாங்க. அறிவிப்பு வர்ற மாசத்துல தேர்வுத் துறையோட சேவை மையத்துல போய்க் கேட்டுக்கங்க.

இன்னொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ்னு சொல்வாங்க. 14 வயசு முடிஞ்சா நேரடியா 10-ஆவதுக்குச் சேரலாம். 8-ஆவது எழுதியிருக்கணும்னு கட்டாயம் இல்ல. அஞ்சு பாடம் எடுக்கணும், அதுல ஒரு மொழியாவது இருக்கணும். தமிழை எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். செய்முறை இருக்கிற பாடத்துல அதுலயும் தனியா தேறணும். வருசத்துக்கு ரெண்டு முறை பொதுத் தேர்வு, பதிவு அஞ்சு வருசம் செல்லும், அதுக்குள்ள ஒவ்வொரு பாடமா கூட முடிச்சுக்கலாம். டிஎம்ஏன்னு ஒரு ஒப்படைப்பு உண்டு, வீட்டிலேயே விடை எழுதிக் குறிச்ச தேதிக்குள்ள கொடுக்கறது, அதுக்கு 20 சதவீத மதிப்பெண். நல்லாப் படிக்கிற பிள்ளைங்ககூட தேதியை விட்டுட்டு இந்த 20-ஐ இழக்குது.

பாடம் எடுக்கும்போது கணக்கையும் அறிவியலையும் விட்டுடாதீங்க. கஷ்டமா இருக்குன்னு விட்டா அப்புறம் 11-ல அறிவியல் பிரிவுக்கும் பாலிடெக்னிக்குக்கும் அலையணும். பேர் விசயத்துலயும் கவனமா இருங்க. நம்ம ஊர்ல பிறப்புச் சான்றுல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், ஒண்ணுல அப்பா பேரே முழுசா இருக்கும். சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் ஒரே மாதிரி திருத்திக்கங்க. மதிப்பெண் சான்று வந்ததுக்கு அப்புறம் திருத்தறது நீண்ட வேலை. தமிழ்நாடு அரசு வேலைதான் குறின்னா, இந்தச் சான்று சமமா எடுத்துக்கப்படுமான்னு முன்கூட்டியே எழுத்துல கேட்டுக்கங்க, இல்லைன்னா மாநில வாரியத் தனித்தேர்வு வழியே பாதுகாப்பு.

நடுவுல வேணாம்னு தோணினா திரும்பச் சேர்க்க முடியுமான்னு இந்த அம்மா கேட்கலை, ஆனா கேட்கணும். முடியும். 14 வயசுக்குள்ள எப்ப வந்தாலும் வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரணும்னு சட்டத்தோட 4-ஆவது பிரிவு சொல்லுது. டிசி இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாது. பிறப்புச் சான்று, ஆதார், அந்த எமிஸ் எண், மூணையும் எடுத்துக்கிட்டுப் போங்க. தலைமை ஆசிரியர் பொதுத் தொகுப்புல தேடி, பழைய எண்ணிலேயே பையனைச் சேர்த்துக்குவார்.