17 ஆட்டங்கள், 16 ஆண்டுகள்

அவைத் தலைவர் அவர்களுக்கும் புதுச்சேரியின் கால்பந்து அன்பர்களுக்கும் வணக்கம். போரால் இடைமுறிந்த ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பேச நான் எடுத்துக்கொண்டிருப்பவர் லார்பி பென் பாரெக். அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்து, 1938இல் பிரான்சின் மார்சே அணிக்கு வந்து, அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று நேப்பிள்ஸ் நகரில் இத்தாலிக்கு எதிராகப் பிரான்சின் சீருடையை முதன்முதலாக அணிந்தவர் அவர். கடைசியாக அதை அணிந்தது 1954 அக்டோபர் 16 அன்று, ஹானோவரில். சில மாதங்களுக்கு முன்புதான் உலகக் கோப்பையை வென்றிருந்த மேற்கு ஜெர்மனியை அன்று பிரான்ஸ் 3-1 என்று தோற்கடித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நம் கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள் என்பதை இந்த அவைக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள். பிரான்ஸ் அணியில் இவ்வளவு நீண்ட காலம் கண்டவர் வேறெவருமில்லை. அத்தனை காலத்தில் அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்களோ 17தான். முதல் எண்ணைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். இரண்டாவதையும் அருகில் வைத்துப் படித்தால் அந்தச் சாதனையே ஓர் இழப்பின் கணக்காக எனக்குத் தோன்றுகிறது.

மார்சேயில் அவர் ஆடிய முதல் பருவத்தில், 1938-39இல், அணி லீக் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்து வந்தது போர். அவர் மொராக்கோவுக்குத் திரும்பி, காசாபிளாங்காவின் யூ.எஸ். மரோக்கேன் அணிக்கு ஆடினார். 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன், ஜெர்மனிக்குப் பணியாமல் லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் நின்றதால், புதுச்சேரி அவருடைய சுதந்திர பிரான்சின் அணியில் சேர்ந்தது. மொராக்கோவோ 1942 நவம்பரில் அமெரிக்கப் படைகள் கரையிறங்கும்வரை ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் பிடியில் இருந்தது. ஒரே கொடியின் கீழிருந்த இரண்டு கடற்கரை ஊர்கள் அந்த இரண்டு ஆண்டுகளும் எதிரெதிர் முகாம்களில் நின்றன. இதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1939-40 லீக் பருவம் மூன்றே ஆட்டங்களோடு கைவிடப்பட்டது. 1940இல் பிரஸ்டன் அணியில் தொழில்முறை வீரராகச் சேர்ந்த டாம் ஃபின்னி, எகிப்திலும் இத்தாலியிலும் படையில் பணியாற்றிவிட்டு, தம் முதல் லீக் ஆட்டத்தை 1946இல், 24 வயதில்தான் ஆட முடிந்தது. ஆயினும் அவருக்கு இளமை மீதமிருந்தது. இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடினார். பென் பாரெக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எல்லாப் பழியையும் போரின்மேல் போடுவதும் நேர்மையாகாது. 1938 உலகக் கோப்பை பிரான்சிலேயே நடந்தது, ஆனால் அவர் அங்கு வந்து சேருமுன்பே முடிந்துவிட்டது. 1942, 1946 ஆண்டுகளின் போட்டிகளைப் போர் விழுங்கியது. 1950 போட்டியில் கிடைத்த இடத்தைப் பிரான்ஸ் தானே வேண்டாமென்றது. 1948இல் அவர் அத்லெட்டிகோ மாட்ரிட் அணிக்குப் போன பிறகு, ஹானோவர் ஆட்டம்வரை பிரான்சின் தேர்வாளர்கள் அவரை அழைக்கவில்லை. இந்தப் புறக்கணிப்புக்குப் போர் பொறுப்பல்ல.

அவர் பிறந்த ஆண்டைப் பற்றி நூல்கள் ஒத்துப்போவதில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும், எலேனியோ எர்ரேராவின் பயிற்சியில் அத்லெட்டிகோ மாட்ரிட் அணி 1950லும் 1951லும் அடுத்தடுத்து ஸ்பெயின் லீக்கை வென்றபோது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயதில் அப்படி ஆடியவர், உடல் முழு வலுவோடு இருந்த போர்க்கால ஆண்டுகளில் எப்படி ஆடியிருப்பார் என்று தெரிந்துகொள்ளும் பேறு ஐரோப்பாவின் பெரிய மைதானங்களுக்கு வாய்க்கவில்லை. காசாபிளாங்காவில் அவரது ஆட்டம் பார்க்கச் சென்றவர்களுக்கு அது வாய்த்தது.