தெருப் பெயர் மட்டும் தெரியும், கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொள்ளுத்தாத்தா குடியிருந்த தெருவின் பெயர் மட்டும்தான் தெரியும். வீட்டை எப்போதோ விற்றுவிட்டார்கள். பத்திரம் கையில் இல்லை. அவருடைய அப்பா பெயரைச் சொல்லவும் ஆள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

முடியும் சார். பெரும்பாலானவர்கள் தாத்தாவின் பெயரையே தேடித் தேடிக் களைத்துப் போகிறார்கள். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களைத் தேடுங்கள்.

ஏன் என்றால், பழைய கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் இடத்தைப் பாருங்கள். தபசில் என்பார்கள். 'இன்னார் வீட்டுக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்று நான்கு எல்லையையும் ஆட்கள் பெயரைச் சொல்லித்தான் எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பத்திரம் தொலைந்து போயிருக்கலாம். இரண்டு பக்கத்து வீடுகள், பின்வீடு ஆகியவற்றின் பத்திரங்களில் உங்கள் கொள்ளுத்தாத்தா எல்லையாக இருப்பார். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே, நகரத்து வீடு என்றால் தெருவின் எந்தப் பக்கம், இப்போது யார் வசம், முன்பு யார் வசம் என்று குறிக்கச் சொல்கிறது. முன்பு இருந்தவரையும் எழுது என்று சட்டமே சொல்வது நம்மைப் போலத் தேடுகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

ஒரு எச்சரிக்கை. 'இன்னார் வீட்டுக்குத் தெற்கு' என்றால் அந்த இன்னார் வடக்கே இருக்கிறார் என்று அர்த்தம். அவசரத்தில் படித்தால் தெற்கே இருப்பதாகத் தோன்றும். இதில் தடுமாறினால் தெருவே தலைகீழாகிவிடும். கையில் ஒரு தாளை வைத்து வீடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே படியுங்கள்.

எங்கள் குடும்பத்திலும் பத்திரம் இல்லை. எங்கள் பழைய வீட்டுக்குக் கிழக்கு வீட்டுப் பெரியவர்தான் அவருடைய மூலப்பத்திரத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய பத்திரம். 'கிழமேல் ஜாதியடி' என்று அளவு தொடங்குவதற்கு முந்தைய வரியில், 'காலஞ்சென்ற' என்று போட்டு என் தாத்தாவின் தாத்தா பெயர், அடுத்து 'குமாரர்' என்று அவர் மகன் பெயர், 'வீட்டுக்குக் கிழக்கு'. அந்த ஒரே வரியில் இரண்டு தலைமுறை. யாரோ தன் வீட்டை வாங்கும்போது எழுதிய வரி. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னால் பேசவே முடியவில்லை.

சரி, எப்படிப் போவது? பக்கத்து வீடுகளுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் அது. இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகான பதிவுகள் கிடைக்கும். அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்கள் பெயர்ப்படி, மற்றொன்று சொத்துப்படி. உங்களுக்குத் தேவை இரண்டாவது. அதே பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொத்து உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. நகல் வாங்கினால் சாட்சிகள் பெயரை விட்டுவிடாதீர்கள். மாமன், மச்சான், எதிர்வீட்டுக்காரர் என்று நெருங்கியவர்கள்தான் அநேகமாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

கதவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பழைய எண், புதிய எண் என்று மாறிக்கொண்டே வந்திருக்கும். தெருப் பெயரிலிருந்து சாதிப் பெயரை எடுத்திருந்தால் தெருவின் பெயரே வேறாகியிருக்கும். அப்புறம், வாக்காளர் பட்டியல் தெரு வாரியாக, வீட்டு எண் வரிசையில், அப்பா அல்லது கணவர் பெயரோடு இருக்கும். 2002, 2005 பட்டியல்களை இணையத்தில் பார்க்கலாம். அன்று அந்தத் தெருவில் மிஞ்சியிருந்த பழைய குடும்பங்கள் எவை என்று அதில் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் சில நாடுகளில் 72 ஆண்டு, 100 ஆண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. இந்தியாவில் 1948 சட்டப்படி தனி வீட்டு விவரம் ரகசியம், அந்த வழி நமக்கு இல்லை.

இன்னொன்று, மொய் நோட்டு. அந்தத் தெருவில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய கல்யாணத்து மொய் நோட்டு இருந்தால் விடாதீர்கள். பெயருக்கு முன்னால் ஊர் எழுதியிருப்பார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா வந்து மொய் எழுதியிருந்தால், அவர் பூர்வீக ஊரே அதில் கிடைக்கலாம்.

கடைசியாக, தெருவுக்குள் நுழைவது பற்றி. போனதும் "பழைய பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டீர்கள் என்றால் கதவு சாத்தப்படும். சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அதில் தப்பே இல்லை. முதலில் குடும்பப் போட்டோவை எடுத்துக்கொண்டு போங்கள். வயதான அம்மா யாராவது திண்ணையில் இருந்தால், "பாட்டி, இவரைப் பார்த்த ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள். எங்களுக்குப் பத்திரம் காட்டிய பெரியவர் மூன்றாவது முறை போனபோதுதான் பீரோவைத் திறந்தார்.