போப்பாண்டவர் விற்ற படிகாரம்

[காட்சி: சலூன் மேசையில் வெள்ளைக் கல்]

ஷேவிங் முடிஞ்சதும் கன்னத்துல தேய்ப்பாங்களே, அந்தக் கல்தான் படிகாரம். கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்கும், கடை வாசல்ல திருஷ்டிக்கும் தொங்கும். ஆனா ஒரு காலத்துல இதுக்கு மவுசு வந்தது துணியாலதான்.

பொட்டாசியம், அலுமினியம் ரெண்டும் சேர்ந்த சல்பேட் உப்பு இது. பல சாயங்கள் நூல்ல தானா ஒட்டாது. அலச அலச வெளுத்துடும். துணியைப் படிகாரத் தண்ணியில நனைச்சா, அதுல உள்ள அலுமினியம் நூலையும் பிடிச்சுக்கும், சாயத்தையும் பிடிச்சுக்கும். சோழமண்டலக் கரைத் துணிகள்ல சாயவேர்ச் சிவப்பு நிலைச்சதும் இப்படித்தான்.

[காட்சி: மத்தியதரைக் கடல் வரைபடம்]

ஐரோப்பாவுக்கு நல்ல படிகாரம் ஃபோகேயாவுல இருந்து போச்சு. இன்னைக்குத் துருக்கியில இருக்கற ஊர்; அப்போ இத்தாலியோட ஜெனோவாக்காரங்க கையில இருந்துச்சு. 1455ல ஒட்டோமான் துருக்கியர் அதைப் பிடிச்சாங்க.

இங்கதான் ஜொவான்னி தா காஸ்த்ரோ வர்றார். கான்ஸ்டான்டினோப்பிள்ல சாயத் தொழில் பண்ணி, அந்த நகரம் துருக்கியர்கிட்ட விழுந்ததும் இத்தாலிக்குத் திரும்பினவர். ரோமுக்கு வடமேற்கே தோல்ஃபா மலையில சுத்தும்போது, ஆசியாவுல படிகார மலைகள்ல பார்த்த அதே செடி இங்கயும் நிக்குது. கீழே வெள்ளைக் கல். கடிச்சுப் பார்த்தார், உப்புக் கரிச்சுது. சுட்டுக் காய்ச்சினா, படிகாரம்!

நேரா போப் இரண்டாம் பயஸ்கிட்ட போனார். "துருக்கியர் மேல வெற்றியைக் கொண்டு வந்திருக்கேன், படிகாரத்துக்காக வருஷம் 3 லட்சம் டுகாட்டுக்கு (தங்க நாணயம்) மேல நம்மகிட்ட பறிக்கறாங்க"ங்கற அர்த்தத்துல அவர் பேசினதை பயஸே எழுதி வச்சிருக்கார். வர்ற பணம் சிலுவைப்போருக்குன்னு அறிவிச்சாங்க. துருக்கிப் படிகாரம் வாங்கினா திருச்சபையை விட்டே விலக்கு! 1466ல விற்பனை ஃபுளோரன்ஸ் நகரத்து வங்கிக்காரங்களான மெடிச்சி குடும்பத்துக்குப் போச்சு. பக்தியைக் காட்டி இவ்வளவு கறாரா வியாபாரம் பண்ணினதை நான் வேற எங்கயும் படிச்சதில்லை.

[காட்சி: யார்க்‌ஷயர் கடற்கரைப் பாறைகள்]

1600களின் தொடக்கத்துல இங்கிலாந்து சொந்தமா தயாரிக்க இறங்குச்சு. யார்க்‌ஷயர் களிப்பாறையை மாசக்கணக்கா எரிச்சு, ஊறவச்சு, காய்ச்சினாங்க. ஒரு குறை: அதுல பொட்டாசியமோ அம்மோனியாவோ போதாது. அதனால கடற்பாசிச் சாம்பல், இல்லேன்னா நாள்பட்ட சிறுநீர். ஆமா, லண்டன்ல இருந்தே கப்பல்ல வந்துச்சு! காய்ச்சின கரைசல்ல முட்டை மிதந்தா பதம் சரி. 1845ல பீட்டர் ஸ்பென்ஸ், கந்தக அமிலமும் நிலக்கரி காஸ் ஆலைகளோட அம்மோனியாக் கழிவுநீரும் வச்சு மலிவான முறைக்குக் காப்புரிமை வாங்கினார். யார்க்‌ஷயரோட கடைசிப் படிகார ஆலையை 1871ல மூடிட்டாங்க.