வீட்டில் யார் சொன்னால் நடக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். இந்தி டிவியின் குஜராத்திக் கூட்டுக்குடும்பங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதுமே இங்கே பாதிப் பேர் முகத்தில் துளசி வந்து போனார். தப்பில்லை. 2000 ஜூலை 3ஆம் தேதி, அமிதாப் பச்சன் கோடி ரூபாய்க் கேள்விகளோடு வந்து உட்கார்ந்த அதே நாளில், அதே ஸ்டார் பிளஸில் ‘கியூன்கி சாஸ் பி கபி பஹூ தி’ தொடங்கியது. விரானி என்று ஒரு பணக்காரக் குஜராத்திக் குடும்பம். அந்த வீட்டு மருமகள் துளசியாக ஸ்மிருதி இரானி கதவைத் திறந்து நம்மை உள்ளே கூப்பிட்டார், அப்புறம் எட்டு வருடம் நாடு வெளியே வரவே இல்லை, 1,800 எபிசோடுக்கு மேல். அதில் ஒரு குடும்பக் காட்சி எப்படிப் போகும் என்று ஞாபகம் இருக்கிறதா? பட்டுப் புடவையும் நகையுமாகப் பதினைந்து பேர் ஹாலில் வரிசை கட்டி நிற்பார்கள். ஒருவர் ஒரே ஒரு வாக்கியம் பேசுவார். கேமரா பதினைந்து முகத்துக்கும் தனித்தனியாகப் பாய்ந்து போய், இடி விழுகிற சத்தத்தோடு மூன்று மூன்று தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அன்றைய எபிசோடு அத்தோடு சரி.

நான் பேச வந்தது அந்தத் தொடரைப் பற்றி இல்லை. அதே சேனல் 2005ல் தொடங்கிய ‘பா பஹூ அவுர் பேபி’யைப் பற்றி. குஜராத்தியில் பா என்றால் அம்மா. தக்கர் குடும்பத்தின் கோதாவரி பா, அவர் பெற்ற பிள்ளைகள், வந்து சேர்ந்த மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று ஒரு வீடு கொள்ளாத கூட்டம். மாளிகை கிடையாது, கார்ப்பரேட் சதி கிடையாது, மும்பையில் கையைக் கடிக்கிற சம்பளத்தில் வாழும் நடுத்தரக் குடும்பம். சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்துதான் வரும்: ஆள் அதிகம், இடமும் காசும் கம்மி.

இதைத் தயாரித்தது ஹேட்ஸ் ஆஃப் புரொடக்‌ஷன்ஸ். ஜே.டி. மஜேதியா, ஆதிஷ் கபாடியா என்ற இரட்டையர். 2002ல் ‘கிச்சடி’, 2004ல் ‘சாராபாய் வெர்சஸ் சாராபாய்’, அடுத்த வருடம் இது. மூன்றிலும் குஜராத்திக் குடும்பம்தான், ஆனால் மூன்றும் மூன்று வர்க்கம், மூன்று விதமான பைத்தியம். இவர்கள் மும்பை குஜராத்தி நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், அது தெரியாமல் இந்தத் தொடர் பிடிபடாது. சௌபாட்டியில் பாரதிய வித்யா பவன், கோவாலியா டேங்கில் தேஜ்பால் அரங்கம், ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகள், மொத்தமாக டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு வந்து உட்காருகிற சங்கங்கள் என்று அது தனி உலகம். அந்த மேடையின் குடும்ப நாடகங்களில் பெரும்பாலும் ஒரே செட்தான். ஒரு ஹால், சோபா, சமையலறைக்கு ஒரு கதவு, வாசலுக்கு ஒரு கதவு. அந்த ஹாலில் எட்டுப் பேரை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். குளோசப் கிடையாது, வெட்டி ஒட்ட முடியாது. ஒருவர் பேசும்போது மற்ற ஏழு பேரும் சும்மா நின்றால் கடைசி வரிசைக்காரர் கொட்டாவி விட்டுவிடுவார். அதனால் ஒருத்தி பட்டாணி உரிப்பாள், ஒருவன் செருப்பைத் தேடுவான், ஒருவன் பேப்பருக்குப் பின்னாலிருந்து அரை வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி ஒளிந்துகொள்வான். இந்தப் பழக்கம்தான் டிவிக்கு வந்தது. தக்கர் வீட்டு ஹாலில் யாரும் தன் வசனத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை, அவரவருக்கு அவரவர் வேலை.

பாவாக நடித்தவர் சரிதா ஜோஷி. குஜராத்தி மேடையில் அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்பார்கள். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தை மது ராய் குஜராத்தியில் ‘சந்து ரங்கீலி’ என்று எழுத, பிரவீன் ஜோஷி இயக்கி, சரிதா சந்துவாக வந்தார், அது அந்த மேடையின் பெரிய வெற்றிகளில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இந்தியா முழுக்க ‘இதுதான் குஜராத்தி அம்மா’ என்று நம்பிய இந்த அம்மா பிறந்தது ஒரு மராத்திக் குடும்பத்தில், புனேயில். வளர்ந்தது வடோதராவில். 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்னொரு வேடிக்கை, அவருடைய மகள் கேத்கி தவேதான் விரானி வீட்டில் ‘அ ர ர ர ர’ என்று இழுத்துக்கொண்டே வளைய வந்த தக்‌ஷா. அம்மாவும் மகளும் ஒரே சேனலில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு குஜராத்களில் குடியிருந்தார்கள்!

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஒரு வீட்டில் யார் சொன்னால் நடக்கும்?

‘கிச்சடி’யில் வீடு பாபுஜியுடையது. பழைய ஹவேலி, அதை விற்றுக் காசைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும் என்று பிள்ளை மருமகள்கள் எல்லாரும் துடிக்கிறார்கள், அவர் விற்க மாட்டேன் என்கிறார், அதனால்தான் அந்தக் குடும்பம் ஒன்றாக இருக்கிறது. பத்திரம் அவர் பெயரில். ஆனால் அந்த வீட்டில் அவர் பேச்சை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, கேட்பதில்லை. அனங் தேசாய் அந்த எரிச்சலை எபிசோடு எபிசோடாக முகத்திலேயே வைத்திருப்பார்.

தக்கர் வீட்டில் தலைகீழ். பாவின் கையில் அதிகாரம் என்று காகிதத்தில் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் ‘ம்’ என்று சொன்னால் தலை நரைத்த பிள்ளைகூட உட்கார்ந்துவிடுகிறான். தொடரின் பெயரையே பாருங்கள்: பா, பஹூ, பேபி. மாமியார், மருமகள், மகள். இந்த மூன்று பேரையும் நம் நாட்டுச் சட்டத்தில் நிறுத்திப் பார்த்தேன், சுவாரசியமாக இருந்தது. வருமான வரிக் கணக்கில் இந்துக் கூட்டுக்குடும்பம் ஒரு தனி ஆள் மாதிரி, அதற்கென்று பான் கார்டு உண்டு, அதன் தலைவருக்குக் கர்த்தா என்று பெயர். வியாபாரக் குடும்பங்களில், குஜராத்தி மார்வாடிக் குடும்பங்களில் கேட்டால் இதை விரல் நுனியில் சொல்வார்கள். அந்தக் கர்த்தா பதவிக்கு, கணவனை இழந்த தாய்கூட வர முடியாது, ஏனென்றால் அவர் பங்காளி, அதாவது குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உள்ளவர், இல்லை என்று 1965ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது ஊரே நடுங்குகிற ஒரு பா, சட்டப்படி அந்தக் குடும்பத்தின் தலைவர் ஆகவே முடியாது. மருமகள்? அவள் குடும்ப உறுப்பினர், சோறு துணிக்கு உரிமை உண்டு, பிறப்புரிமை என்று எதுவும் இல்லை. பேபி? 2005 செப்டம்பர் 9ஆம் தேதி இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. மகன் மாதிரியே மகளும் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்காளி. தமிழ்நாட்டில் இதை 1989லேயே செய்தாகிவிட்டது, அது வேறு பெருமை. தொடர் வந்த அதே வருடத்தில், தலைப்பில் இருக்கும் மூன்று பெண்களில் கடைக்குட்டிக்கு மட்டும்தான் நாடு பங்கு கொடுத்தது. எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்துப் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் பேச்சு எடுபடுகிற வரிசையும் காகிதத்தில் இருக்கிற வரிசையும் இவ்வளவு தலைகீழாக இருப்பது கூட்டுக்குடும்பத்தில்தான் சாத்தியம், அதை அழாமல் காட்ட நகைச்சுவைதான் சரியான கருவி.

இனி கட்டூ. பாவின் பிள்ளைகளில் ஒருவன், பெயர் கோபால், ஆள் வளர்ந்தும் மனசு வளராதவன். தேவன் போஜானி நடித்தார். இந்த மனிதரை ‘சாராபாய்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் மருமகன் துஷ்யந்த், எந்த மெஷினைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியே ஆளைக் கொன்றுவிடுவார். அந்தத் தொடரை இயக்கியதும் அவரே. அப்படி ஓட்டைவாயாக வந்த ஒருவர் அடுத்த வருடமே கட்டூவாக வந்து, வாக்கியம் முடியாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊரானாலும் வடக்கானாலும் சரி, மனவளர்ச்சி குறைந்தவர் என்றால் திரையில் இரண்டே வழிதான்: ஒன்று கேலி, இல்லையென்றால் வயலின். கட்டூவிடம் இரண்டும் வேலைக்காகவில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் அந்தச் சிரிப்பு அவனைச் சுற்றி நிற்கிற புத்திசாலிகள் மேல் போய் விழுகிறது. எல்லாரும் மறைத்து மறைத்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இவன் வந்து அப்படியே போட்டு உடைப்பான், அண்ணன்மார் முகம் தொங்கிப் போகும். வீட்டில் சொல்லுக்கு மதிப்பே இல்லாத ஆள் இவன்தான், வேறு யாராலும் சொல்ல முடியாததைச் சொல்வதும் இவன்தான்.

அந்தக் காலத்து இந்தித் தொடர்களில் கட்டூ மாதிரி ஒரு பிள்ளை இருந்தால் அவனை ஒரு டிராக் முடிந்ததும் அமெரிக்காவுக்கு வைத்தியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அவன் ஹாலிலேயே இருக்கிறான். காலில் குறையோடு நடக்கிற பேபியும் அப்படித்தான், பெனாஃப் தாதாசந்த்ஜி நடித்தார். கூட்டுக்குடும்பத்துக்கு ஆதரவாக ஆயிரம் பேர் ஆயிரம் பேசலாம், எனக்கு அதில் பெரிய மயக்கம் எல்லாம் இல்லை, ஒரே பாத்ரூமுக்கு ஒன்பது பேர் நிற்கிற வீட்டில் இருந்தால் யாருக்கும் மயக்கம் தெளிந்துவிடும். ஆனால் கட்டூ மாதிரி ஒருவனுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சாதாரண இடம் கிடைக்கிறது, அதற்காக யாரும் தியாகிப் பட்டம் வாங்கிக்கொள்வதில்லை.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். விஜய் டிவியில் 2018ல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’, அண்ணன் தம்பிகள், மளிகைக் கடை, எல்லாரையும் வளர்த்த அண்ணி. 2021ல் அதையே ஸ்டார் பிளஸ் ‘பாண்டியா ஸ்டோர்’ என்று எடுத்தபோது கதையைக் கொண்டு போய் இறக்கிய இடம் குஜராத்தில் சோமநாத். வேறெங்கும் வைத்திருக்கலாம், டெல்லி, லக்னோ, எங்கும். கடையும் கூட்டுக்குடும்பமும் ஒன்றாக என்றதும் அவர்கள் கை தானாகக் குஜராத் பக்கம்தான் நீள்கிறது, இருபது வருடத்து டிவி பழக்கிய கை. அங்கேயும் அண்ணி சொன்னால்தான் நடக்கும், அண்ணியின் பெயரிலும் காகிதத்தில் ஒன்றும் இருக்காது.

நேரம் ஆகிவிட்டது என்று துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. இன்னொரு சீட்டில் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “இத்தனை பேருக்கும் சமைப்பது யார் என்று எந்தத் தொடராவது கேட்டதா?” நல்ல கேள்வி. துளசிகள் கேட்கவில்லை, அவர்கள் பட்டுப் புடவையில் ஆரத்தித் தட்டோடுதான் நின்றார்கள். பாவின் வீட்டில் மருமகள்கள்தான், அங்கே அதைச் சும்மா வாழ்க்கை என்று விட்டுவிடுகிறார்கள், அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இதற்குப் பதில் வைத்திருந்தது ஒரே ஒருத்திதான், ‘கிச்சடி’ ஹன்ஸா. சுப்ரியா பாடக், ‘சாராபாய்’யில் ஒய்யார மாயாவாக வந்த ரத்னா பாடக்கின் கூடப் பிறந்தவர். ஹன்ஸா சமையலறைப் பக்கமே போக மாட்டாள், ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரிடமும் “கானா காகே ஜானா, ஹாங்” என்பாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். சமைப்பது என்னவோ ஓரகத்தி ஜெயஸ்ரீ. இவ்வளவு சோம்பேறி மருமகளை அந்த வீட்டில் யாரும் துரத்தவில்லை, திருத்தவும் இல்லை, புருஷன் பிரஃபுல் பக்கத்தில் உட்கார்ந்து ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருப்பான். அந்தச் சலுகை எட்டு வருடத்தில் துளசிக்கு ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை.