முகத்துக்கு வரும் குத்து

நண்பர்களே, பல வருடம் கராத்தே பழகியவர் முழு வேக மோதலில் நிற்பாரா என்று கேட்கிறார்கள். அவர் கருப்புப் பட்டையா என்று பார்க்காதீர்கள். எதிர்த்து நிற்கும் ஆளோடு எதை முழுப் பலத்தோடு பழகினார் என்று பாருங்கள்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. பழைய சண்டைக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளைக் கட்டா என்ற, முன்பே வகுத்த அசைவுகளின் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை ரண்டோரி என்ற சுதந்திர மோதலில் முழு மூச்சாக மோத விட்டார். கலையைப் பல்லில்லாமல் ஆக்கிவிட்டார் என்று தோன்றலாம். ஆனால் விழ மறுக்கும் ஆளைத் தினமும் தூக்கிப் போட்டுப் பழகியவனின் பிடி, ஒத்திகை மட்டும் பார்த்தவனுக்கு வராது.

மாஸ் ஒயாமா தொடங்கிய கியோகுஷின் கராத்தேயும் அந்த வழிதான். 1969இல் தொடங்கிய அகில ஜப்பான் போட்டியில் கையுறை கிடையாது, உடம்பில் குத்தலாம், தொடையில் உதைக்கலாம், தலைக்கும் உதை வரலாம். முகத்தில் கையால் குத்துவது மட்டும் தடை. அந்த ஒரு தடை என்ன செய்யும் என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் ஆண்டி ஹக் போதும். 1987 உலகப் போட்டியின் இறுதி வரை போன கியோகுஷின் வீரர் அவர். 1994இல் கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டியின் கிராண்ட் பிரீயில் முகத்துக்குக் குத்து வந்ததும் பாட்ரிக் ஸ்மித்திடம் சில நொடிகளில் வீழ்ந்தார். அடி தாங்கும் உடம்பு இருந்தது, உதை இருந்தது. மூக்குக்கு வரும் கையைப் பார்க்கும் பழக்கம்தான் போதவில்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிது. மனிதர் கராத்தேயைத் தூக்கி எறியவில்லை. குத்துச்சண்டையைக் கற்றுச் சேர்த்துக்கொண்டார். 1996 கே-1 கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் மைக் பெர்னார்டோவைச் சாய்த்தது, சுழன்று தொடையில் விட்ட கராத்தே உதை!

ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் வளர்ந்த லியோட்டோ மச்சிடா, குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைக்கு வேறொன்றைக் கொண்டுவந்தார், தூரக் கணக்கு. எட்டாத இடத்தில் நின்று, ஒரே எட்டில் புகுந்து அடித்துவிட்டு விலகுவது. 2011இல் டொராண்டோவில் ராண்டி கூட்டூரின் தாடையில் எகிறி விட்ட முன்னுதை கராத்தே டோஜோக்களில் (பயிற்சிக் கூடங்களில்) வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதுதான். அதைச் சரியான நொடியில் விடுவதற்கு, நகரும் ஆளோடு பழகியிருக்க வேண்டும்.

இங்கே பள்ளி நடத்தும் ஆசான்களிடம் ஒன்று கேட்கிறேன். கட்டாவை விடாதீர்கள். அதோடு, வளர்ந்த மாணவர்களுக்குப் பல்காப்பும் பெரிய கையுறையும் மாட்டி, மிதமான வேகத்தில் முகத்துக்குக் குத்து வரும் பயிற்சியையும் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்குத் தலையில் அடி வேண்டவே வேண்டாம். இடுப்பைப் பிடித்துத் தள்ளி விளையாடும் மல்லுக்கட்டு அவர்களுக்குப் போதும், அதையும் எதிராளி விட்டுக்கொடுக்காமல் விளையாடட்டும்.