பெட்டிக்காரரின் காது

(காரைக்குடியில் ஒரு வீட்டு முகப்பில் நடந்த இசைக் கூட்டத்தில் பேசியது)

வீட்டுக்கார ஆச்சிக்கும், பெரியவர்களுக்கும், ஆத்தங்குடிக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் அப்பா நாடகத்துக்குப் பெட்டி வாசித்தவர். ஆர்மோனியம் என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டோம், பெட்டிதான். மாசி பிறந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. பள்ளத்தூர், கோட்டையூர், அரிமளம் என்று திருவிழா எங்கேயோ அங்கே வள்ளி திருமணம். வள்ளி திருமணம் எங்கேயோ அங்கே அப்பா.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று இளைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். முருகன் வேடத்துக்கு மதுரையிலிருந்து ஒருவர் வருவார். வள்ளிக்குப் புதுக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா வருவார். ஒத்திகை கிடையாது. சில சமயம் ஒருவர் முகத்தை ஒருவர் அன்றைக்குத்தான் பார்ப்பார்கள். ஆனால் கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். இரவு பத்து மணிக்கு மேல் மேடையேறி விடிய விடிய நடத்திவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு எத்தனை கட்டை, எந்த இடத்தில் இழுப்பார், எங்கே மூச்சுக்கு நிற்பார் என்பதையெல்லாம் பெட்டிக்காரர் முதல் பாட்டிலேயே பிடித்தாக வேண்டும்.

ஜாஸ் ஸ்டாண்டர்டு என்றால் என்ன என்று கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி கேட்டார். இதுதான் தம்பி. நியூயார்க் நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதிய பழைய பாட்டுகள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்தவை. முன்பின் பழகாத நாலு பேர் சேர்ந்தால், பாட்டின் பெயரையும் சுருதியையும் சொன்னால் போதும், தொடங்கிவிடலாம். பெரும்பாலும் 32 அளவுகள், அதாவது 32 தாளக் கட்டங்கள், கொண்ட பாட்டு. முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் கீழே இருக்கிற கார்டு வரிசையை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டுகளின் வரிசையை, மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் புது மெட்டு கட்டுவார்கள். இதை ராக ஆலாபனையோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நமக்கு ராகம் மாறாது, கார்டு என்பதே கிடையாது. அவர்களுக்கோ கார்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்ந்து, நம் ஆவர்த்தனம் போலத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எனக்குக் கேட்டால், இதற்கு வள்ளி திருமணம்தான் பக்கத்துச் சொந்தம்.

நான் 1984-ல் சென்னைக்குப் போனேன். ஸ்டுடியோவில் கீபோர்டு வேலை. இளையராஜா பாடல்களில் விஜி மேனுவல் வாசித்ததைக் கேட்டு வாய்பிளந்து நின்ற காலம். ஏ.ஆர். ரகுமான் அவர்களும் இசையமைப்பாளர் ஆகும் முன் பலருக்குக் கீபோர்டு வாசித்தவர்தானே. காலையில் ஒரு பக்திப் பாட்டு, மத்தியானம் விளம்பரம், சாயங்காலம் குத்துப்பாட்டு என்று மூன்று கால்ஷீட் பார்த்த நாட்கள் உண்டு. ஒருமுறை ஒரு சோகப் பாட்டுக்கு வாசித்தேன். என் விரலில் இருந்த வித்தையெல்லாம் அதில் இறக்கிவிட்டேன். பாட்டு ரேடியோவில் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பெட்டி பாடுது. அந்தப் பொண்ணு எங்கப்பா?" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

அந்த நாட்களில் ஒரு கிட்டார்க்காரர் கொடுத்த கேசட்டில்தான் ஜாஸ் பியானோக்காரர் ஹாங்க் ஜோன்ஸைக் கேட்டேன்.

1918-ல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் பிறந்து, மிச்சிகனில் வளர்ந்தவர். தம்பிகள் இருவரும் பேர்பெற்றவர்கள்: தாட் டிரம்பெட், எல்வின் டிரம்ஸ். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பல வருடம் பக்கவாத்தியமாக இருந்தார். சாக்சபோன் மேதை சார்லி பார்க்கரோடு ரெக்கார்டு செய்தார். 1959-லிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தில் மாதச் சம்பளக்கார இசைக்கலைஞர். என்ன நிகழ்ச்சி வந்தாலும், எந்தத் தாளை முன்னால் வைத்தாலும் வாசிக்க வேண்டிய வேலை. 1962 மே 19 அன்று மெர்லின் மன்றோ அதிபர் கென்னடிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினாரே, உலகமே பார்த்த அந்தக் காட்சியில் பியானோவில் இருந்தவர் இவர். அந்த 16 அளவுகளுக்கு எட்டு மணி நேரம் ஒத்திகை நடந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதினாறே அளவு! பாடத் தயங்குகிற ஒருவருக்குத் துணையாக எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடும்.

அந்தக் கேசட், 1958 மார்ச் 9 அன்று நியூஜெர்சியில் பதிவான 'சம்திங் எல்ஸ்'. ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஸ்டுடியோவாக வைத்திருந்தார், அங்கே. அட்டையில் பெயர் கேனன்பால் ஆடர்லி, சாக்சபோன். டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ். பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியம் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. ஐந்து உருப்படிகளில் மூன்று ஸ்டாண்டர்டு. முதலாவது 'ஆட்டம் லீவ்ஸ்'. ஜோசப் காஸ்மா பிரான்சில் 1945-ல் அமைத்த மெட்டு, இலையுதிர் காலத்துப் பிரிவைப் பாடுவது. மைல்ஸ் அதைத் துணி மூடிய குரல் மாதிரி, டிரம்பெட்டின் வாயை அடைத்து வாசிப்பார். ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் விடுவார். அந்த இடத்தை நிரப்பலாம். நானாக இருந்தால் நிரப்பியிருப்பேன். பியானோவில் இருந்த ஹாங்க் ஜோன்ஸ் நிரப்பவில்லை. ஒரு சின்ன கார்டை வைப்பார், கையை எடுத்துக்கொள்வார். நான் தோற்றுப்போன அதே இடம் அது. அந்தக் கேசட்டை எத்தனை தரம் திருப்பிப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பக்கவாத்தியக்காரருக்குச் சொந்தக் குரல் கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். 1991-ல், 73 வயதில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மேபெக் ரிசைட்டல் ஹால் என்ற ஒரு சின்ன இடத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்தார். ஐம்பது, அறுபது பேர்தான் உட்காரலாம். இந்த முகப்பில் இப்போது அதைவிடக் கூட்டம் அதிகம். பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, பின்தொடர யாரும் இல்லை. பழைய ஸ்டாண்டர்டுகளாக எடுத்து வாசிக்கிறார். அதைக் கேட்கும்போது எனக்குத் தெரிந்தது இது: அவர் அங்கேயும் பக்கவாத்தியம்தான் வாசிக்கிறார். வலது கை பாடுகிறது, இடது கை அதற்குக் காதுகொடுக்கிறது. வலது கை நிற்கிற இடத்தில் இடது கை முந்திக்கொண்டு ஓடுவதில்லை.

2010-ல், 91 வயதில் இறந்தார். கடைசி வருடங்கள் வரை மேடையேறினார். நடுவில், 1995-ல், சார்லி ஹேடனின் பேஸோடு தேவாலயப் பாட்டுகளாக ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். அதே காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க இசைக்காரர்களோடும் ஒன்று. அவை இன்னொரு நாளைக்கு.

அப்பா இறப்பதற்கு முந்தின வருடம் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் பாட்டு எனக்கெதுக்கு என்று தொடங்கியவர், கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடி விரலால் சட்டத்தில் தட்டிக்கொண்டே கேட்டார். "இந்த ஆளு யாருக்கு வாசிச்சவரு?" என்றார். எல்லாருக்கும் என்றேன். "தெரியுது" என்றார்.

இப்போது 'ஆட்டம் லீவ்ஸ்' கேட்போம், பதினொரு நிமிடப் பாட்டு. டிரம்பெட் மெட்டை வாசித்து முடித்ததும், தனி வாசிப்பில் முதலில் சாக்சபோன், பிறகு டிரம்பெட், மூன்றாவதாகத்தான் பியானோவின் முறை வரும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மற்ற இருவரும் வாசிக்கும்போதே பியானோவைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். தம்பி, போடப்பா.