அடுத்தவர் நகையை அடகு வைத்த அப்பா: ‘டொரோரோ’ பற்றி ஒரு பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். சாமுராய் அனிமே, அதாவது ஜப்பானியப் போர்வீரர்கள் வருகிற அனிமேஷன் தொடர், பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எந்த அனிமே என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதைச் சாக்காக வைத்து எனக்குப் பிடித்த ஒன்றையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாளும் பேயும் வருகிற தொடர் என்றால் இங்கிருக்கும் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நாலைந்து பெயர் சொல்வீர்கள். நான் பேசப்போவது ‘டொரோரோ’. 2019 ஜனவரியிலிருந்து ஜூன் வரை வந்த 24 எபிசோட். கதையை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. இன்னும் பார்க்காதவர்கள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

சரி, யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜப்பானில் ஊருக்கு ஊர் சண்டை நடந்த காலம். டைகோ காகெமிட்சு என்று ஒரு சிற்றரசன். அவன் மண்ணில் மழை இல்லை, கொள்ளை நோய், பக்கத்து நாட்டுக்காரன் வேறு எல்லையில் நிற்கிறான். புத்தர் கண் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, 12 பேய்ச் சிலைகள் இருக்கிற ஒரு மண்டபத்துக்குப் போகிறான். என் நாட்டைச் செழிக்கவை, பதிலுக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறான். அதே இரவு அவன் மனைவிக்குப் பிள்ளை பிறக்கிறது. கையில்லை, காலில்லை, கண் காது மூக்கு எதுவும் இல்லை, மேலே தோல்கூட இல்லை. அதைப் பார்த்து அந்தத் தகப்பன் முகத்தில் வருவது சந்தோஷம். பேய்கள் பேரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பதற்கு ரசீது கிடைத்த சந்தோஷம். வெளியே மழை பெய்கிறது.

பிள்ளையைக் கொன்றுவிடச் சொல்லி மருத்துவச்சியிடம் கொடுக்கிறார்கள். அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு சின்னப் படகில் வைத்து ஆற்றில் விட்டுவிடுகிறாள். நமக்கு உடனே கர்ணன் ஞாபகம் வரும். ஜப்பானியருக்கு இன்னொன்று ஞாபகம் வரும். கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட ‘கொஜிகி’யில் இசனாகி, இசனாமி என்ற ஆதி தம்பதிக்கு முதலில் பிறந்தது ஹிருகோ, அட்டைபோல உருவமில்லாத பிள்ளை. நாணல் படகில் வைத்து அதையும் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழைய புராணம் அதோடு அந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறது. ‘டொரோரோ’ மறக்கவில்லை. ஆற்றோடு போன பிள்ளை திரும்பி வந்து கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் மொத்தக் கதையும்.

இந்தக் கதை 2019-இல் பிறந்ததல்ல. ஒசாமு தெசுகா 1967-இல் மாங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, தொடங்கியது. 1969-இல் கறுப்பு வெள்ளையில் 26 எபிசோடாக டிவியில் வந்தது. குளிர்பானக் கம்பெனி ஒன்றின் விளம்பரதாரர் நேரத்தில் இதைப் போட்டார்கள். சில வருஷம் கழித்து, 1974-இல், அதே வரிசையில்தான் ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்டி வந்தாள். கைகால் இல்லாத பிள்ளையும் ஆட்டுக்குட்டிச் சிறுமியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. அது போகட்டும். தெசுகா மருத்துவம் படித்தவர் என்பதையும், மாணவனாக இருந்தபோது 1945-இல் ஒசாகா மேல் குண்டு விழுந்ததைப் பார்த்தவர் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சிதறுவதை அவர் கற்பனையில் மட்டும் கண்டவர் இல்லை.

மாங்காவில் பேய்கள் 48. டைகோ கேட்டது அதிகாரம், நாடு முழுவதும் தன் காலடிக்கு வர வேண்டும் என்ற ஆசை. பேராசைக்காரன், கெட்டவன், முடிந்தது கதை. 2019-இல் இயக்குநர் கசுஹிரோ ஃபுருஹாஷியும், தொடரின் எழுத்தைக் கவனித்த யாசுகோ கொபயாஷியும் இதில் ஒரே ஒரு திருகு திருகினார்கள். பேயை 12 ஆக்கினது வசதிக்காக. பேரத்தை மாற்றினதுதான் விஷயம். இந்த டைகோ தன் ஜனங்களுக்காகக் கேட்கிறான், கேட்டபடி மழையும் வருகிறது, வயலும் விளைகிறது, குழந்தைகள் பட்டினியில்லாமல் வளர்கின்றன. 16 வருஷம் அந்த ஊர் சாப்பிட்ட சோறெல்லாம் அந்தப் பிள்ளையின் உடம்பு.

பிள்ளை வளர்ந்து ஹியாக்கிமாரு ஆகிறான். மரக் கை, மரக் கால், கைக்குள்ளே வாள். கண் தெரியாது. ஆனால் உயிர்களின் நிறம் தெரியும், பேய் என்றால் சிவப்பு. ஒரு பேயை வெட்டினால் அது எடுத்துக்கொண்டு போன உறுப்பு இவனுக்குத் திரும்பி வருகிறது. அதே நேரத்தில் டைகோவின் நாட்டில் எங்கோ நிலம் சரிகிறது, பயிர் கருகுகிறது. இவனுக்கு ஒரு காது வந்தால் ஊருக்கு ஒரு குளம் வற்றும், அந்த மாதிரிக் கணக்கு.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நான் பேசிப் பார்த்ததில் பாதிப்பேர், “ஆயிரம் பேர் சாகிறார்களே, இவன் விட்டுக்கொடுத்தால் என்ன?” என்பார்கள். மீதிப்பேர், “அவன் உடம்பு, அவன் உரிமை” என்பார்கள். ஹியாக்கிமாருவின் தம்பி தஹோமாருவும் முதல் கட்சிதான். இந்த வழக்கில் எனக்கு இரண்டு பக்கமும் திருப்தி இல்லை. ஏனென்றால் விட்டுக்கொடுக்கிறாயா என்று அந்தப் பிள்ளையை யாரும் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. தியாகம் என்ற சொல்லைத் தஹோமாரு வாயில் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அடுத்த வீட்டு நகையை அடகு வைத்து நம் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, நகைக்காரி வந்து கேட்டால், “ஏம்மா, உனக்கு ஊர் மேல் அக்கறை இல்லையா?” என்று கேட்கிற பேச்சு அது.

தொடர் இந்த வாதத்தை வசனமாகச் சொல்லவில்லை. மூன்று ஆட்களை வைத்துக் காட்டுகிறது. ஒருவர் ஜுகாய், ஆற்றில் வந்த பிள்ளையை எடுத்து வளர்த்த வைத்தியர். இவரும் ஒருகாலத்தில் எஜமானன் சொன்னபடி ஆட்களைக் கொன்ற சாமுராய். அந்தப் பாவம் தாங்காமல் மரக்கை மரக்கால் செய்யக் கற்றுக்கொண்டு, போர்க்களத்தில் கிடக்கும் பிணங்களுக்குக்கூடக் கைகால் மாட்டிக்கொண்டு இருக்கிறார். செத்தவனுக்குக் கால் எதற்கு என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தேவைப்படுகிறது. தன் கடனைத் தன் உழைப்பால் கட்டுகிறவர்.

அடுத்து, ஹியாக்கிமாருவோடு ஊர் ஊராகச் சுற்றுகிற சின்னத் திருட்டுப் பிள்ளை டொரோரோவின் அம்மா. தலைப்பில் இருக்கிற டொரோரோ அந்தப் பிள்ளைதான். ‘தொரொபோ’ என்றால் ஜப்பானியத்தில் திருடன், தெசுகாவின் குழந்தை அதை மழலையில் திருப்பிச் சொன்னதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். பஞ்சத்தில் ஒரு இடத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள். அம்மாவிடம் பாத்திரம் இல்லை. கொதிக்கிற கஞ்சியை வெறும் கையில் வாங்குகிறாள், கீழே விடாமல் கொண்டுவந்து பிள்ளைக்கு ஊட்டுகிறாள். சில வினாடிக் காட்சி. நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாவது மியோ. 5, 6-ஆவது எபிசோட். இந்தத் தொடரில் எதை மறந்தாலும் இந்த இரண்டை மறக்க மாட்டேன். அப்போதுதான் ஹியாக்கிமாருவுக்குக் காது கிடைத்திருக்கிறது. பிறந்ததிலிருந்து நிசப்தத்தில் இருந்தவன் மேல் உலகத்தின் மொத்த இரைச்சலும் ஒரேயடியாக விழுகிறது. காற்று, பூச்சி, மழை, எல்லாமே அடி மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுகிறான். அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண் பாடுகிறாள், அந்தக் குரல் மட்டும் வலிக்கவில்லை. போரில் அநாதையான குழந்தைகளைச் சேர்த்துவைத்துச் சோறுபோடுகிறவள் மியோ. சோறு எப்படி வருகிறது? ராத்திரி சிப்பாய்களின் முகாமுக்குப் போய்த் தன்னை விற்று. யாருடைய உடம்பையும் அல்ல, தன் உடம்பை. அவளையும் குழந்தைகளையும் சாமுராய்கள் வெட்டிப்போடுகிறார்கள். செத்துக்கிடப்பவளின் கையில் ஒரு சின்னப் பை, உள்ளே விதைநெல். சொந்தமாக ஒரு வயல், சொந்தமாக ஒரு அறுவடை என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது இந்த மூவரையும் டைகோவுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவன் ஊருக்காகத்தானே செய்தான் என்று அதற்குப் பிறகும் சொல்ல வருகிறதா? தன் கையைச் சுட்டுக்கொண்டவள் ஒருத்தி, தன் மகன் கையைக் கொடுத்தவன் ஒருத்தன். நூய், அவனுடைய மனைவி, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள். 12-ஆவது எபிசோடில், எல்லையில் மிச்சமிருக்கும் பழைய மரச்சுவருக்கு முன்னால், காணாமல்போன மகனைப் பார்க்கிறாள். பார்த்து, உன்னைக் காப்பாற்ற முடியாது, மன்னித்துவிடு என்று சொல்லிக் கத்தியைத் தன் மேலேயே குத்திக்கொள்கிறாள். அழுகையும் துரோகமும் ஒரே மூச்சில். இந்த அம்மாவை என்னால் இன்றுவரை மன்னிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

சாமுராய் என்றால் மானம், விசுவாசம், நிமிர்ந்த முதுகு என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்தத் தொடர் கொஞ்சம் கசக்கும். அந்தப் பிம்பம் பெரும்பாலும் போர் ஓய்ந்த பிறகு, 1603-க்குப் பிந்தைய அமைதிக் காலத்தில் வளர்ந்தது. வெளிநாட்டுக்கு அதைப் பிரபலப்படுத்தின இனாசோ நிதோபேயின் புத்தகம் வந்தது 1899-இல், அப்போது சாமுராய் என்ற வர்க்கமே கலைக்கப்பட்டுவிட்டது. 1467-இல் கியோட்டோவில் தொடங்கிப் பத்து வருஷம் நகரத்தையே சாம்பலாக்கிய ஓனின் போரும் அதற்குப் பிந்தைய சண்டைகளும் வேறு மாதிரி. காலாள் படையில் பாதி குடியானவர்கள். விளைந்த வயலைக் கொளுத்துவது, ஊரைச் சூறையாடுவது, ஆட்களைப் பிடித்து விற்பது எல்லாம் அன்றாடம். இந்தத் தொடரில் சாமுராய் என்ற சொல்லைக் குடியானவர்கள் உச்சரிக்கிற விதத்தைக் கவனியுங்கள். பேய் என்பதை அவர்கள் அதைவிட மரியாதையாகச் சொல்வார்கள்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. 13-க்குப் பிறகு தொடர் கொஞ்சம் சோர்ந்துபோகிறது. வாரத்துக்கு ஒரு பேய், வெட்டு, அடுத்த ஊர். சில பேய்களின் உருவம் பயமுறுத்துவதற்குப் பதிலாகச் சிரிப்பு மூட்டும். 15-ஆவது எபிசோடின் ஓவியத்தைப் பலர் திட்டித் தீர்த்தார்கள். ஒசாமு கொபயாஷி இயக்கியது அது, கோடெல்லாம் கலைந்து, முகங்கள் கோணலாக இருக்கும். என் நண்பர் ஒருவர், “டாக்டர் கையெழுத்து மாதிரி இருக்கிறது” என்றார். எனக்குப் பிடித்தது. ஒரு அந்துப்பூச்சிப் பேய்க்கு மனுஷரை இரையாகக் கொடுத்துச் செழித்த கிராமத்தின் கதை அது, டைகோவின் பேரத்துக்கு ஒரு சில்லறைப் பிரதி. அதை மொழுமொழுவென்று வரைந்திருந்தால்தான் பொருந்தியிருக்காது. கடைசி எபிசோடின் அவசரம் வேறு விஷயம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அண்ணன் தம்பி சண்டை, எரிகிற கோட்டை, அம்மா, ஜுகாய் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் திணித்துவிட்டார்கள்.

ஆனால் அந்த அவசரத்திலும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். கண் கிடைத்த பிறகு ஹியாக்கிமாரு அந்தப் பேய் மண்டபத்துக்கே போய் அப்பாவைப் பார்க்கிறான். கொல்லவில்லை. மனுஷனாக இரு என்கிற மாதிரி விட்டுவிட்டுப் போகிறான். இத்தனை எபிசோட் வாளைப் பார்த்த நமக்குக் கை குறுகுறுக்கும். பேய்களிடமிருந்து தன் உடம்பைத்தான் அவன் வாங்க வந்தான், வாங்கிவிட்டான். அதற்குமேல் வட்டி வாங்கவில்லை.

எனக்கு உறுத்துவது ஊர்தான். மழைக்கு உத்தரவாதம் போய்விட்டது, கோட்டை எரிந்துவிட்டது, இனி எப்படிப் பிழைப்பது? டொரோரோவிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. கொள்ளைக்கார அப்பா ஒளித்துவைத்த தங்கத்தை எடுத்து, சாமுராய் யாருமில்லாமல் ஜனங்களே பிழைக்க வழி செய்யலாம் என்கிறது அந்தப் பிள்ளை. ஆசை நல்ல ஆசை. ஆனால் புதையலை வைத்து முடிச்சவிழ்ப்பது சுலபமான வேலை, இத்தனை கறாராகக் கணக்குப் பார்த்த கதை கடைசியில் லாட்டரிச் சீட்டை நீட்டுவது போல.

வேடிக்கை என்னவென்றால், தங்கமே தேவையில்லாத ஒரு முடிவு வரலாற்றில் பக்கத்திலேயே கிடக்கிறது. டைகோவின் எல்லையில் நிற்கும் எதிரியின் பெயர் அசகுரா. நிஜ அசகுராக்கள் ஆண்டது எச்சிசென். அதற்கு வடக்கே இருக்கிற நாடு ககா. அங்கே 1488-இல் குடியானவர்களும், ஜோதோ ஷின்ஷூ பிரிவு பிக்குகளும், சில சின்னச் சாமுராய்களும் சேர்ந்து, ஆண்டுகொண்டிருந்த தொகாஷி மசாசிகாவின் கோட்டையைச் சூழ்ந்து அவன் கதையை முடித்தார்கள். அதன்பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் அந்த நாட்டைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். அதை யாராவது 24 எபிசோடாக எடுத்தால் மறுபடி கூப்பிடுங்கள், பேச வருகிறேன். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம். அதோ, தஹோமாரு கட்சிக்காரர் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.